பைக் ஓட்டும் பெண்ணைப் பெற்றவளுக்கு

பெண் சைக்கிள் விடுகிறாள் என்றாலே தெருத் திண்ணையில் கூடிப் பேசிய காலம் ஒன்று இருந்தது. இப்போது பெண் பைக் ஓட்டுகிறாள். ஓட்டுவதோடு நிற்காமல் ஹெல்மெட்டில் சின்னதாக ஒரு காமிராவை மாட்டிக்கொண்டு, போகிற வழியெல்லாம் படம் பிடித்து, பேசிப் பேசி யூடியூபிலும் போடுகிறாள். பெற்றவள் வயிற்றில் புளியைக் கரைக்காமல் என்ன செய்யும்?

சென்னை வாசகி ஒருவர் இதைத்தான் எழுதிக் கேட்டிருக்கிறார். அவர் மகளுக்கு 25 வயது. நல்ல வேலை. சொந்தச் சம்பாத்தியத்தில் பைக் வாங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிளம்பிவிடுகிறாளாம். நகரத்துச் சாலைகளில் ஓட்டி அதை வீடியோவாகப் போடுகிறாள். "வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் செல்போனைத்தானே பார்க்கிறார்கள்? விழுந்து வைத்தால் என்ன செய்வது? கண்டவனும் கண்டதை எழுதுகிறான். வண்டியை விற்றுவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்பது அவருடைய கேள்வி.

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் இருப்பது ஒரு பயம் இல்லை, மூன்று பயம். விபத்து பயம் ஒன்று. ஊர் வாய் பயம் ஒன்று. முகம் தெரியாத ஆட்களின் தொல்லை பற்றிய பயம் ஒன்று. மூன்றையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதால்தான் வண்டியை விற்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்து இருக்கிறது. தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே தைலமா தடவுகிறோம்?

அப்படி என்னதான் வீடியோ?

முதலில் பெண் என்ன செய்கிறாள் என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும். என் நாத்தனார் மகளும் இதே வேலையைத்தான் செய்கிறாள். கிண்டிப் பக்கம் உத்தியோகம். 350 சி.சி. பைக் வைத்திருக்கிறாள். ஒரு சனிக்கிழமை அவள் வீட்டில் தங்கியிருந்தபோது, கம்ப்யூட்டர் முன்னால் அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஹெல்மெட்டின் தாடைப் பக்கத்தில் ஒட்டுகிற மாதிரி ஒரு சின்ன காமிரா. தீப்பெட்டி இரண்டை ஒன்றாக வைத்த அளவுதான் இருக்கும். ஹெல்மெட்டுக்குள்ளே வாய்க்குப் பக்கத்தில் குட்டி மைக். காற்று இரைச்சல் கேட்காமல் இருக்க அதன் மேல் ஒரு ஸ்பாஞ்சு உறை. காமிராவுக்குள் நகக்கண் அளவு ஒரு மெமரி கார்டு. இவ்வளவுதான் சாமான். ஆனால் வேலை இதோடு முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்த படத்தை வெட்டி ஒட்டி, ஒன்பது நிமிஷமாக்க அவளுக்கு இரண்டு ராத்திரி ஆகிறது. நாம் வடகம் பிழிகிற மாதிரிதான். தட்டில் வரும்போது ஒரு நிமிஷம், அதற்கு முன்னால் இருக்கிற பாடு யாருக்குத் தெரியும்?

"ஏம்மா, இதுல என்னத்தைப் பாக்குறாங்க? வெறும் ரோடுதானே தெரியுது?" என்று கேட்டேன்.

"அந்த ரோடைத்தான் அத்தை பாக்குறாங்க. கத்திப்பாரா பாலத்துல எந்த வளைவுல ஏறினா வடபழனி, எதுல இறங்கினா பூந்தமல்லின்னு வண்டி ஓட்டக் கத்துக்கிற பொண்ணுக்குத் தெரியாது. கேட்டா வீட்ல, 'உனக்கு எதுக்கு அதெல்லாம், நான் கொண்டு விடறேன்'ம்பாங்க. இதைப் பாத்துட்டு அவங்களே போறாங்க" என்றாள்.

கீழே வந்திருந்த கேள்விகளையும் காட்டினாள். வெளியூரிலிருந்து ஒரு பெண்: "அக்கா, நான் ஐந்தடிதான். கால் தரையில் எட்டுமா?" இன்னொரு பெண்: "மழையில் தண்ணீர் தேங்கின இடத்தில் எப்படிப் போவது?" ஒரு அம்மாவே எழுதியிருந்தார்: "நாற்பது வயதுக்கு மேல் கியர் வண்டி கற்றுக்கொள்ள முடியுமா?" இந்தக் கேள்விகளை அப்பாவிடமோ அண்ணனிடமோ கேட்டால் பாதிக்கு மேல் சிரிப்புத்தான் பதிலாக வரும். இங்கே ஒரு பெண் உட்கார்ந்து பதில் எழுதுகிறாள். "இரண்டு காலும் முழுசாக ஊன்ற வேண்டும் என்று இல்லை. நிற்கும்போது இடது கால் நன்றாக ஊன்றினால் போதும், வலது கால் பிரேக்கில் இருக்கட்டும். வாங்கும் முன் சீட் உயரம் பாருங்கள். கிளாசிக் 350-க்கு 805 மில்லிமீட்டர், மீட்டியார் 350-க்கு 765" என்று கணக்காக எழுதியிருந்தாள். அந்த இடத்தில் எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கீழே விழுந்த பைக்கைத் தூக்குவது பற்றி அவள் போட்டிருந்த படத்தை எல்லாப் பெண்களும் பார்க்க வேண்டும். கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ. நம் ஸ்கூட்டரைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு. குனிந்து கைபலத்தால் தூக்கினால் இடுப்பு போய்விடும். முதலில் என்ஜினை அணைக்க வேண்டும். வண்டி வலது பக்கம் விழுந்திருந்தால், மறுபக்கம் சாயாமல் இருக்க சைடு ஸ்டாண்டை முன்பே வெளியே தள்ளிவிட வேண்டும். பிறகு சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு, முதுகை நேராக வைத்து, தொடை பலத்தால் சிறுசிறு அடியாகப் பின்னால் நடந்தபடி நிமிர்த்த வேண்டும். அரிசி மூட்டை தூக்கினாலும், கிரைண்டரை நகர்த்தினாலும் இதே பாடம்தான் சகோதரிகளே: முதுகு வளையக் கூடாது, கால் வேலை செய்ய வேண்டும்.

ஊர் வாய்

இப்போது ஊர் வாய்க்கு வருவோம். டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது 1980-ல். நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் எங்கள் ஊர் டீச்சரம்மா ஒருவர் அதில்தான் வருவார். அவர் போகிற வழியில் கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும். "ஆம்பளை மாதிரி வண்டியில போறா பாரு" என்று அன்றைக்குச் சொன்னவர்களின் பேத்திகள் எல்லாம் இன்றைக்கு ஸ்கூட்டரில்தான் காலேஜ் போகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முதலில் போகிறவளுக்குத்தான் பேச்சு. பின்னால் வருகிறவர்களுக்கு அது வழி.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. 1916-ல் அமெரிக்காவில் அகஸ்டா வான் பியூரன், அடலின் வான் பியூரன் என்று அக்கா தங்கை இருவர், ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் அந்த நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போனார்கள். வழியில் போலீஸ் பிடித்தது. வேகமாகப் போனதற்காக இல்லை, ஆண்பிள்ளை மாதிரி கால்சட்டை போட்டதற்காக! எப்படி இருக்கிறது பாருங்கள். பிரான்ஸ் நாட்டு ஆன் பிரான்ஸ் தோத்வீல் 1973-ல் தனியாக மோட்டார் சைக்கிளில் உலகத்தைச் சுற்றக் கிளம்பினார். நம் சென்னையில் அலிஷா அப்துல்லா பந்தய மைதானத்தில் ஆண்களோடு சரிசமமாக பைக் ஓட்டிப் பெயர் வாங்கினார். புனேயில் ஊர்வசி பாடோலே 2011-ல் 'பைக்கர்னி' என்று பெண்களுக்கே ஒரு பைக் சங்கம் ஆரம்பித்தார். மும்பையின் விஷாகா ஃபுல்சுங்கே 'ரைடர் கேர்ள் விஷாகா' என்ற பெயரில் பைக் வீடியோ போட்டே நாடறிந்தவர் ஆனார்.

நெதர்லாந்துப் பெண் ஒருவர் கதையையும் சொல்லிவிடுகிறேன். நோராலி ஷுன்மேக்கர் என்று பெயர். மண்ணையும் பாறையையும் ஆராயும் நிலவியல் படித்தவர். 2018-ல் இந்தியாவுக்கு வந்து ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வண்டி ஒன்றை வாங்கினார். அதற்கு 'பசந்தி' என்று நம்மூர்ப் பெயரே வைத்தார். ஷோலே படத்தில் குதிரை வண்டி ஓட்டுகிற பெண்ணின் பெயரும் அதுதான். பல நாடுகளைக் கடந்து அந்த வண்டியோடு தன் நாடு போய்ச் சேர்ந்தார். வழி முழுக்க எடுத்த வீடியோக்களால் உலகம் முழுக்கத் தெரிந்தவரானார். அந்த வண்டி தயாரானது நம் சென்னையைச் சுற்றியுள்ள தொழிற்சாலையில்தான். நம் ஊரில் பிறந்த வண்டியை எங்கிருந்தோ வந்த பெண் ஓட்டினால் கைதட்டுகிறோம். நம் வீட்டுப் பெண் ஓட்டினால் மட்டும் ஏன் ஜன்னல் கதவைச் சாத்துகிறோம்?

வரன் விஷயத்தில் நான் சொல்வது இதுதான். மறைக்காதீர்கள். "எங்கள் பெண் பைக் ஓட்டுவாள், வீடியோவும் போடுவாள்" என்று முதல் பேச்சிலேயே நீங்களே சொல்லிவிடுங்கள். சமையல் தெரியுமா, பாட்டுத் தெரியுமா என்று கேட்கிறவர்களிடம் இதையும் சேர்த்துச் சொல்வதில் என்ன குறை? அதைக் கேட்டு விலகிப் போகிற இடம், விலகிப் போனதே நல்லது. மறைத்துக் கட்டிக் கொடுத்து, பிறகு யாரோ ஒரு சின்ன மாமியார் செல்போனில் பார்த்து, "இதைச் சொல்லவே இல்லையே" என்று ஆரம்பித்தால் பாடுபடப் போவது உங்கள் மகள்தான்.

விபத்து பயம் நியாயமான பயம்

ஊர் வாயைத் தள்ளிவிடலாம். விபத்தைத் தள்ளிவிட முடியாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 100-க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதிலும் 14,337 பேர் ஓட்டினவர்கள் இல்லை, பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

இந்தக் கடைசிக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பின்னால் உட்கார்ந்து போகிறவர் யார்? நம் வீடுகளில் பெரும்பாலும் நாம்தான். மகள் பைக்கில் போகிறாளே என்று சாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கிற அம்மா, சாயந்திரம் அப்பாவின் ஸ்கூட்டரில் வெறும் தலையோடு, ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையில் காய்கறிப் பையோடு மார்க்கெட் போய்விட்டு வருகிறாள். என் நாத்தனாரிடம் இதைச் சொன்னேன். "அண்ணி, நீங்க எந்தப் பக்கம்?" என்று கோபித்துக்கொண்டார். நான் உயிர் பக்கம்தான்!

வீடியோ போடுகிற பெண்கள் பலர் தலை முழுக்க மூடும் ஹெல்மெட், கையுறை, தோளிலும் முழங்கையிலும் கெட்டித் தடுப்பு வைத்த ஜாக்கெட், கணுக்காலை மூடிய ஷூ எல்லாம் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். சென்னை வெயிலுக்குக் காற்றுப் போகிற வலைத்துணி ஜாக்கெட்டே கிடைக்கிறது. அந்த விஷயத்தில் மகள் நம்மைவிடக் கெட்டிக்காரி. நாம் கவனிக்க வேண்டியவை இவை:

ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜூன் முதல் இந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்பது சட்டம். பிளாட்பாரத்தில் மலிவாகக் கிடைப்பது தலைக்கு இல்லை, போலீஸுக்குக் காட்டத்தான் ஆகும். போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. தாடைப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் தொளதொளப்பு ஆகாது. ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். உள்ளே இருக்கிற தெர்மோகோல் போன்ற பகுதி ஒரு அடியை வாங்கித்தான் தலையைக் காப்பாற்றுகிறது. ஒரு முறை நசுங்கினால் மறுமுறை அதற்குப் பலம் இல்லை. ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஹெல்மெட் போட்டால் இறக்கும் அபாயம் 42 சதவீதமும் தலைக் காயம் 69 சதவீதமும் குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள்.

காமிராவை மாட்டுவதற்காக ஹெல்மெட்டில் துளை போடவே கூடாது. ஒட்டுகிற பிடியாக இருந்தால் மட்டுமே சரி. மார்பில் பட்டை கட்டி அதில் மாட்டிக்கொள்வதும் உண்டு. தலைக்குப் பாரம் இல்லாத வழி அது.

இளம் தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 4 வயதுக்கு மேற்பட்ட யாராக இருந்தாலும் இருசக்கர வண்டியில் ஹெல்மெட் கட்டாயம். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தையை வண்டியில் கொண்டு போனால், குழந்தையை ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும், குழந்தை அளவு ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 2022-ல் அறிவித்து 2023 பிப்ரவரி முதல் அமலில் இருக்கிற விதி இது. எத்தனை பள்ளிக்கூட வாசலில் இதைப் பார்க்கிறோம்? சொல்லுங்கள்!

பைக்கின் பின்சக்கரத்தை மூடுகிற சேலைத் தடுப்பு இருக்கிறதே, அழகு கெடுகிறது என்று பிள்ளைகள் அதைக் கழற்றிவிடுகிறார்கள். பின்னால் உட்காருகிறவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் இருக்க அந்தத் தடுப்பு வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே இருக்கிறது. சேலை, துப்பட்டா, மழைக்கோட்டின் நுனி எதுவானாலும் சக்கரத்தில் சிக்கினால் ஒரு நொடிதான். கழற்ற விடாதீர்கள்.

காமிராவால் வருகிற விபத்து

பைக்கால் வருகிற ஆபத்து ஒன்று. காமிராவால் வருகிற ஆபத்து வேறொன்று. பார்க்கிறவர்கள் கூட வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால், கை தானாக ஆக்ஸிலேட்டரைத் திருகும். 2023 செப்டம்பரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரம் அருகே, யூடியூபில் பெரிய பெயர் வாங்கிய இளைஞர் ஒருவர் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டி விழுந்தார். கை முறிந்தது. கைது ஆனார். லைசென்ஸ் பத்து வருஷத்துக்குப் பறிபோனது. எத்தனை லட்சம் பேர் பார்த்தால் என்ன, விழுகிறபோது ஒருத்தர்தானே விழுகிறார்?

மகளிடம் கேட்க வேண்டிய கேள்வி, "ஏன் வீடியோ எடுக்கிறாய்?" என்பது இல்லை. "எப்படி எடுக்கிறாய்?" என்பதுதான். வீட்டில் நிற்கும்போதே காமிராவை ஆன் செய்துவிட்டு, வண்டி ஓடும்போது தொடாமல் இருக்கிறாளா? ஓட்டிக்கொண்டே பேசுவதைக் குறைத்து, வீட்டுக்கு வந்து குரல் சேர்க்கிறாளா? என் நாத்தனார் மகள் அப்படித்தான் செய்கிறாள். "தண்ணி லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல இருக்கும்போது வாய் திறக்க மாட்டேன் அத்தை. காதுதான் எனக்கு மூணாவது கண்ணாடி" என்றாள். வண்டி ஓட்டும்போது செல்போனைக் கையில் எடுத்தால் 2019-ல் திருத்திய சட்டப்படி 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, சிறையும் உண்டு. சிக்னலில் நிற்கும்போது யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

முகம் தெரியாத ஆட்கள்

மூன்றாவது பயம் இது. இதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கதவைப் பூட்டத் தெரிந்தால் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார வேண்டியதில்லை.

காமிராவை வீட்டு வாசலில் ஆன் செய்தாலும், வீடியோ மெயின் ரோட்டிலிருந்து தொடங்கட்டும். அதற்கு முன்னால் உள்ளதை வெட்டிவிட வேண்டும். நம் தெரு, நம் கேட், ஆபீஸ் வாசல், வண்டி நம்பர் எதுவும் தெரியக் கூடாது. போய்க்கொண்டிருக்கும்போதே நேரடியாக ஒளிபரப்பக் கூடாது. வீடு வந்து சேர்ந்து இரண்டு மூன்று நாள் கழித்துப் போட்டால் யாரும் வழியில் காத்திருக்க முடியாது. வாரா வாரம் ஒரே நேரம், ஒரே டீக்கடை என்று வழக்கம் வைத்துக்கொள்ளக் கூடாது. சொந்த போன் நம்பரை எங்கேயும் தரக் கூடாது.

அசிங்கமாக எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். குறிப்பிட்ட கெட்ட வார்த்தைகள் வந்தால் தானாகவே மறைக்கும் வசதி யூடியூபிலேயே இருக்கிறது. ஆனால் மிரட்டல் மாதிரி ஏதாவது வந்தால் அழிப்பதற்கு முன் அதைப் படமாக எடுத்து வைக்க வேண்டும். நாளைக்குப் புகார் கொடுக்க அதுதான் சாட்சி. ஒரு பெண் வேண்டாம் என்று காட்டிய பிறகும் பின்தொடர்வது, அவள் இணையத்தில் என்ன செய்கிறாள் என்று கண்காணிப்பது எல்லாம் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவில் இதற்கு முதல் முறையே மூன்று வருஷம் வரை சிறை சொல்லியிருக்கிறது. பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112. இரண்டு எண்ணையும் மகள் போனில் மட்டும் இல்லை, உங்கள் போனிலும் எழுதி வையுங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய பாதுகாப்பு ஒன்று உண்டு. ஏதாவது தொல்லை வந்தால், முதலில் அம்மாவிடம் சொல்லலாம் என்ற தைரியம் மகளுக்கு இருக்க வேண்டும். "அப்பவே சொன்னேனா இல்லையா" என்று ஆரம்பிக்கிற அம்மாவிடம் எந்தப் பெண்ணும் வந்து சொல்ல மாட்டாள்.

உடம்பும் வருமானமும்

மணிக்கணக்கில் ஓட்டுகிற பெண்களுக்கு மணிக்கட்டு, கழுத்து, கீழ் இடுப்பு மூன்றும் வலிக்கும். 45 நிமிஷத்துக்கு ஒரு தடவை இறங்கி நடக்க வேண்டும். வழியில் ஒதுங்க இடம் இல்லையே என்று தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிற பழக்கம் பெண்களிடம் உண்டு. இது கெடுதல். சிறுநீர்த் தொற்று வருவதற்கு அதுவும் ஒரு வழி. சுத்தமான கழிப்பறை எந்த பெட்ரோல் பங்கில் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு, தண்ணீரைக் குடித்துவிட்டே போகட்டும். மாதவிலக்கு நாட்களில் முடிந்தால் போகலாம், உடம்பு அசதியாக இருந்தால் விட்டுவிடலாம். அதற்குக் கட்டாயமும் இல்லை, தடையும் இல்லை. ஈரத் தலையோடு ஹெல்மெட் போட வேண்டாம். உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொண்டு, ஹெல்மெட்டின் உள்மெத்தையை அவ்வப்போது துவைத்துக் காயவைத்தால் தலை அரிப்பு, பொடுகு குறையும்.

"இதில் பணம் வருமாமே, வேலையை விட்டுவிடுகிறேன்" என்று மகள் சொன்னால் மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பேசுங்கள். விளம்பரப் பணத்தில் பங்கு கேட்கவே, சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்த்த கணக்கும் வேண்டும். இல்லாவிட்டால் குட்டி வீடியோக்களை 90 நாளில் ஒரு கோடி தடவை பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் மாதா மாதம் இவ்வளவு என்று நிச்சயம் கிடையாது. பெட்ரோல், காமிரா, சர்வீஸ் செலவெல்லாம் நிச்சயம். சம்பளம் சாப்பாடு, சேனல் ஊறுகாய் என்று வைத்துக்கொண்டால் மனசும் உடம்பும் கெடாது.

விற்க வேண்டாம்

ஆக, என் பதில் இதுதான். வண்டியை விற்க வேண்டாம். 25 வயதுப் பெண் சொந்தச் சம்பளத்தில் வாங்கியதை நாம் விற்றால், நாளைக்கு நமக்குத் தெரியாமல் சிநேகிதியின் வண்டியில் போவாள். அப்போது ஹெல்மெட் போட்டாளா, எங்கே போனாள், யார் மிரட்டினான் என்று எதுவும் நமக்குத் தெரியாது. இப்போது எல்லாம் தெரிகிறது. அதுவே பெரிய விஷயம் இல்லையா?

அதட்டலாக இல்லாமல், ஒரு காபியைப் போட்டுக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து நாலு விஷயத்தைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கே போகிறாள், எப்போது வருவாள் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். முழுப் பாதுகாப்பு உடை இல்லாமல் சாவியை எடுக்கக் கூடாது. ஓடும் வண்டியில் காமிராவையும் போனையும் தொடக் கூடாது. வீடு தெரிகிற படம் வெளியே போகக் கூடாது. இந்த நாலுக்கும் அவள் சரி என்றால், நீங்களும் ஒன்றுக்குச் சரி என்று சொல்ல வேண்டும். அவள் போடுகிற வீடியோவை உட்கார்ந்து முழுசாகப் பார்ப்பது. ஊரில் உள்ள பெண்கள் எல்லாம் அவளிடம் யோசனை கேட்கிறார்கள். பெற்றவள் மட்டும் பார்க்காமல் இருக்கலாமா?

பெண்ணைப் பெற்ற சகோதரிகள் எல்லோருக்குமே கடைசியாக ஒன்று. இந்த மாதம் வீட்டுச் செலவில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, நல்ல முத்திரை போட்ட ஹெல்மெட் ஒன்று வாங்குங்கள். மகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. இது உங்கள் தலை அளவுக்கு.